கர்ப்பிணிகள் வகுப்பில் சோலைமலை

“பிள்ள பொறந்ததும் தண்ணி ஊத்திக் கழுவணுமா சிஸ்டர்?”

கேட்டவன் சோலைமலை. கர்ப்பிணிகள் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரே ஆண். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நர்ஸ் சந்திரவல்லிக்கு எரிச்சல். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

“கழுவவே கூடாது தம்பி. உடம்பு சில்லிட்டுப் போயிரும். காஞ்ச பருத்தித் துணியால ஒத்தித் தொடச்சு, அம்மா நெஞ்சு மேல படுக்க வச்சு, ரெண்டு பேரையும் சேத்துப் போத்தி விடணும். தேனு, சீனித்தண்ணி எதையும் நாக்குல வைக்கக் கூடாது. முதல்ல சீம்பாலுதான்.”

“தொப்புள்கொடியை யாரு அறுக்கிறது?”

“அது ஆஸ்பத்திரி சோலி. நீங்க கை வைக்காதீங்க!”

மறுபடியும் சிரிப்பு. சோலைமலை சிரிக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி, கேட்டதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நிறைமாதமாய்ப் பாண்டீஸ்வரி. அவளுடைய பையும் தண்ணீர் பாட்டிலும் இவன் மடியில்.

பாண்டீஸ்வரி எழுந்து எடை பார்க்கப் போனதும், சிலமலை ஊர்க்காரி ஒருத்தி பெருமூச்சு விட்டாள். “குடுத்து வச்சவ! எங்க வீட்டுக்காரரு ஸ்கேன் சென்டரு வாசலோட சரி.”

சந்திரவல்லியால் அப்படி மெச்ச முடியவில்லை. போடிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்றாலும், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. போன வகுப்புக்கு இவன் கூட்டி வந்தது வேறொருத்தியை. அதற்கு முந்தின வகுப்புக்கு இன்னொருத்தி. எல்லாருமே நிறைமாதம்!

அவனை வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உண்மையைச் சொல்லுங்க தம்பி. மொத்தம் எத்தனை பேரு?”

“இந்த மாசத்துக்கு இவுகளோட சரி சிஸ்டர். அடுத்த மாசம் ரெண்டு பேரு இருக்காக.”

ஏதோ காய்கறிக் கணக்குச் சொல்வது போலச் சொன்னான். சந்திரவல்லிக்குத் தலை சுற்றியது.

“ஒருத்தியைப் பத்தி இன்னொருத்திக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? மலை மேல தோட்டத்துல எல்லாரும் அடுத்தடுத்த வீடுதான். தாயா பிள்ளையா பழகுவாக.”

“வெக்கமா இல்ல? உங்க அம்மா கேக்கறதில்லையா?”

“எங்காத்தாதான் அனுப்பி வச்சுச்சு. ‘கூடவே உக்காந்து எல்லாத்தையும் ஒழுங்காக் கத்துக்கிட்டு வாடா’ன்னு.”

சந்திரவல்லிக்குப் பொறுமை போயிற்று. “ஒரு பொண்டாட்டி இருக்கும்போது இன்னொரு பொண்டாட்டி கட்டினா போலீசு என்ன செய்யும் தெரியுமா?”

“பொண்டாட்டியா?”

சோலைமலையின் முகம் வெளிறியது. சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தான்.

“ஐயையோ, மெதுவாப் பேசுங்க சிஸ்டர்! தேவாரம் ஊர்ல இப்பத்தான் எனக்குப் பொண்ணு பேசிக்கிட்டிருக்காக. நான் ஏலத்தோட்டத்து ஜீப்பு டிரைவரு. மாசமா இருக்கவுகளை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டாரது நாந்தான். போன மழையில ரோட்டுல மரம் விழுந்து, கொண்டை ஊசி வளைவுல வச்சு ஒரு பிள்ள எங்கையிலயே பொறந்துருச்சு. ஆண்டவன் புண்ணியத்துல ரெண்டு உசுரும் நல்லாருக்கு. ஆனா அன்னைக்குப் பெத்தவளை விட நாந்தான் கூடுதலாக் கத்தினேன்!”