முழங்கையில் ஒரு சுளுக்கு

ஷம்ஸியாவின் இடது கை தானாகவே போய் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டது.

வலது கையில் நன்னாரி சர்பத். எதிரே, திசையன்விளையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் உம்மா, சுபைதா பேகம். மாப்பிள்ளை வரவில்லை.

கொரியாத் தொடர்களில் பெரியவர்களுக்கு எதையும் இப்படித்தான் கொடுப்பார்கள். தண்ணீரோ பேனாவோ, கொடுக்கிற கையை மற்ற கை தாங்கிக்கொள்ளும். அது ஏன் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. நாலு தொடர் பார்த்த பிறகு, மரியாதைக்கு என்று புரிந்தது. அதற்குள் கைக்குப் பழகிவிட்டது.

சுபைதா பேகம் கிளாஸைப் பார்க்கவில்லை. முழங்கையைப் பார்த்தாள்.

“ஏம்மா, கையில என்ன? சுளுக்கா?”

ஷம்ஸியாவின் உம்மாவுக்கு முகம் வெளுத்தது. போன மாதம் பெண் பார்க்க வந்த வேறொரு வீட்டுக்காரர்கள், பிள்ளை வாயே திறக்கமாட்டேன் என்கிறாளே என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். இப்போது கையிலும் குறை என்றால் மேலப்பாளையம் முழுக்கப் பேச்சாகிவிடும்.

“சுளுக்கெல்லாம் இல்ல மைனி. நாள் பூரா தையல் மிசின்லயே கிடக்கா பாத்துக்கிடுங்க, அதான்.”

ஷம்ஸியா கையை எடுத்திருக்கலாம். பதற்றத்தில் அது இன்னும் இறுகிக்கொண்டது.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி ஐந்து வருஷமாகிறது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மாடியில் அவள் கேட்பதெல்லாம் பயான், மார்க்கச் சொற்பொழிவு என்றுதான் உம்மாவுக்கு நினைப்பு.

அவள் கேட்டதெல்லாம் கொரியாவும் ஜப்பானும். தோன்றியதையெல்லாம் தையல் அளவு குறிக்கும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள்.

கொரியா மாமியார்கள், மருமகளாக வரப்பார்க்கிறவளைக் காபிக்கடைக்கு வரச்சொல்லி முகத்தில் தண்ணீரை வீசுவார்கள். அவளும் துடைக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவு பெரிய கடையில் ஒரு துண்டுகூடவா இருக்காது என்பது ஷம்ஸியாவின் நெடுநாள் சந்தேகம். வீசுவதற்கு முன்னால் ஓர் உறையை மேசைமேல் தள்ளுவார்கள். என் மகனை விட்டுவிடு என்று அர்த்தம்.

ஜப்பான் மாமியார்கள் எதையும் வீச மாட்டார்கள். ஒரு பழத்தைத் தோல் சீவி, துண்டு போட்டு, பேசாமல் முன்னால் வைப்பார்கள். ஷம்ஸியாவுக்கு அதுதான் அதிக பயம்.

ஆனால் ஜப்பானில் வீட்டிலிருந்து கிளம்புகிறவன் ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்கிறான். உள்ளேயிருந்து ‘போயிட்டு வா’ என்கிறார்கள். அதைப் பார்த்த அன்று, காணாமல்போன சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. மாடிப்படியில் பாதி ஓடி வந்தாள், யாரிடமாவது சொல்ல.

பிறகு திரும்பி ஏறிப்போய்விட்டாள்.

போகிற வீட்டில் அவள் வேண்டியது அந்த ஒன்றைத்தான். இதைச் சொன்னால் கேட்க ஓர் ஆள்.

சுபைதா பேகம் கிளாஸை வாங்கினாள். இவர் எந்த ஊர் மாமியார்? வீசுகிறவரா, பழம் சீவுகிறவரா? பயத்தையும் மீறி ஷம்ஸியாவுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

இரண்டும் இல்லை. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “இப்பவே பாத்துக்கிடணும். நாளைக்குக் குடம் தூக்கணும், பிள்ளை தூக்கணும்,” என்றாள்.

போயிற்று, என்று உம்மாவின் கண்கள் சொல்லின.

அடுத்த கிளாஸ் மாப்பிள்ளையின் அக்கா சபீதாவுக்கு. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள். ஷம்ஸியா குனிந்த தலையோடு நீட்டினாள். இடது கை மறுபடியும் முழங்கைக்குப் போய்விட்டது. இனி எடுத்து என்ன?

வாங்குவதற்கு ஒரு வலது கை நீண்டது.

அதன் முழங்கைக்குக் கீழே ஓர் இடது கை பைய வந்து ஒட்டிக்கொண்டது.

ஷம்ஸியா நிமிர்ந்தாள். சபீதா, தன் உம்மாவுக்கு முகம் தெரியாதபடி பக்கவாட்டில் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு குடித்தாள். கொரியாவில் பெரியவர்கள் முன்னால் இப்படித்தான் குடிப்பார்கள்.

முக்காலியில் இருந்த தட்டில் மிச்சமிருந்த கிளாஸ்களை ஷம்ஸியா மறந்தேபோனாள்.

சுபைதா பேகம் மகளைப் பார்த்தாள். ஷம்ஸியாவைப் பார்த்தாள். பிறகு உம்மா பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டாள்.

“மறைக்காதீங்க மைனி. எங்க வீட்டுலயும் ஒருத்திக்கு இருக்கு இந்தச் சுளுக்கு. இவளுக்குக் கையோட கழுத்தும் சேத்து. ரெண்டு வருசமா எண்ணெய் தேய்க்கேன், போவ மாட்டேங்கு.”

உம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. இரண்டு பேரும் எந்த வைத்தியரின் எண்ணெய் நல்லது என்று பேசத் தொடங்கினார்கள்.

சபீதா காலி கிளாஸைத் தட்டில் வைக்கக் குனிந்தாள்.

“புதுத் தொடர்ல எத்தனாவது எபிசோடுல நிக்கே?”

“பதினொண்ணு.”

“பன்னெண்டைத் தனியாப் பாத்துராத.”

வேன் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உம்மா உள்ளே ஓடி வந்தாள். “என்னட்டி, பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கும்மா.”

வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பிரிட்ஜ் மேல், மாப்பிள்ளையின் படத்தை வைத்து அவர்கள் அனுப்பியிருந்த உறை, போன வாரம் வந்தபடியே, ஒட்டுப் பிரிக்காமல் இருந்தது.