பூனையிடம் வாங்காத எஞ்சின்

கிடங்கு எலிகளைப் பூனை தினம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. தப்பிக்கப் பழகுவதற்கு ஒரு வீடியோ கேம் செய்து தருவதாகக் கிழட்டு எலி வாக்குக் கொடுத்தது.

"கேம் செய்ய ரெடிமேட் எஞ்சின் சும்மாவே கிடைக்கிறது, அண்ணே. ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்" என்றது மூஞ்சூறு.

"அதைச் செய்தவன் யார்? பூனை. அதில் எலி ஜெயிக்குமா? நிரலை முதல் வரியிலிருந்து நானே எழுதுவேன்."

எழுதியது. திரையில் ஓடிய எலி தரைக்குள் புதைந்து விழுந்தது. தரையைத் திருத்தியது. பிறகு தாவும் உயரத்தை. பிறகு வாலின் நிழலை.

"நிழல் எதற்கண்ணே? நேற்றும் ஒருவன் போய்விட்டான். இருப்பதைக் கொடுங்கள், ஓடிப் பழகட்டும்."

"அரைகுறையைக் கொடுத்துப் பூனையைச் சிரிக்க வைக்கச் சொல்கிறாயா?"

மறுவாரம் மூஞ்சூறையும் பூனை கவ்விக்கொண்டு போனது.

ஒருவழியாக ஆட்டம் தயாரானது. ஒரு வரிகூட இரவல் இல்லை. கிழட்டு எலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைத் திறந்தது.

"பூனையாக ஆட இன்னொருவர் தேவை" என்றது திரை.

கூப்பிடக் கிடங்கில் யாரும் மிச்சமில்லை. கிழட்டு எலி தனக்கான விசையின் மேல் வலது காலை வைத்தது. பிறகு பூனைக்கான விசையின் மேல் தன் இடது காலை வைத்தது.