ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

ஆறாம் படுக்கைக்காரரின் காலில் சீழ் வைத்திருந்த புண்ணை அழுத்திப் பார்த்த கையோடு பெரிய டாக்டர் ஏழாம் படுக்கைக்கு வந்தார். நேற்றுத்தான் வயிற்றில் தையல் போட்டிருந்த கணவனை மறைத்துக்கொண்டு செல்லக்கனி நின்றாள். ஒரு கையில் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், இன்னொன்றில் சோப்பு.

“என்னம்மா இது?”

“கையக் கழுவிட்டு எங்க வீட்டுக்காரரத் தொடுங்க சார்.”

டாக்டருக்குப் பின்னால் நின்ற மருத்துவ மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா? அப்ப நீயே வைத்தியம் பாத்துக்க. சிஸ்டர், இவங்கள டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்புங்க.”

அவர் எட்டாம் படுக்கைக்கு நகர்ந்தார். அதில் கிடந்தவர் தன் காயக்கட்டின்மேல் போர்வையை இழுத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி அந்தப் புள்ளகிட்ட இருக்கு,” என்றார்.

செல்லக்கனி வாளியை இன்னும் கீழே வைக்கவில்லை.