எதுவும் வராதபோது

கடலுக்குப் போகிறவர்களின் கைப்பட்டை நாடித்துடிப்பைக் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். துடிப்பு வந்தால் தேடு, பூஜ்ஜியம் வந்தால் திரும்பு. மீட்புப் படகுகளுக்குக் கணினி சொல்லும் கணக்கு அவ்வளவுதான். புயலில் சிக்கிய மீனவன் மிக்கேலின் பட்டையிலிருந்து துடிப்பும் வரவில்லை, பூஜ்ஜியமும் வரவில்லை; எதுவுமே வரவில்லை. ஊரே மாரடித்து அழுதது. படகுகளோ விடாமல் தேடி, அவனை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தன.

மறுநாளே அவன் மனைவி சலேத்தம்மாள் சீலாமீன் குழம்போடு மீட்பு நிலையத்துக்குப் போய், கணினிக்கு நிரல் எழுதும் நிரோஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்களே கைவிட்டுட்டோம். மெஷினு எப்படிம்மா தேடச் சொல்லுச்சு?"

"'எதுவுமே வரலன்னா பட்டை கெட்டிருக்கலாம், பூஜ்ஜியம்னு எடுக்காத, தேடு'ன்னு ஒரு வரி சேத்திருந்தேன்க்கா."

"மவராசி! ஒனக்கு எப்படித் தோணுச்சு?"

நிரோஷா தூக்குச்சட்டியின் மூடியை மெல்லத் திறந்தாள்.

"எங்கப்பா காணாமப் போனப்ப அந்த வரி இல்லக்கா."