திங்கட்கிழமை முதல் பீரியட்

மே மாதம் ஓய்வுபெறப்போகும் ஜெசிந்தா டீச்சர்தான் அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணையையும் தயாரித்தார். பத்தொன்பது ஆண்டுகளாக அது அவர் வேலை. மாடியேறி முழங்கால் வலிக்கும்போதெல்லாம் இந்த ஓய்வுக்காக நாள் எண்ணியவர்தான். தன்னுடைய இருபத்தெட்டுப் பீரியடுகளை அதே பாடம் எடுக்கும் மற்ற மூன்று பேருக்கும் பிரித்துப் போட்டார். எங்காவது இடிக்கும் என்று எதிர்பார்த்தார். அரைமணி நேரத்தில் எல்லாம் கச்சிதமாக அடங்கிவிட்டன. தாளை மேலிருந்து கீழாக மறுபடியும் சரிபார்த்தார். பிறகு, திங்கட்கிழமை முதல் பீரியடில் இருந்த பெயரை அழித்துவிட்டு, தன் பெயரைப் பென்சிலால் எழுதினார்.

தாளைப் பார்த்த தலைமையாசிரியை தயங்கினார். "டீச்சர், இங்க உங்க பேரு..."

"தெரிஞ்சுதான் எழுதினேன் மேடம். நீங்களே அழிச்சிடுங்க."

தலைமையாசிரியை மேசை இழுப்பறையில் ரப்பரைத் தேடினார். அது கிடைப்பதற்குள் ஜெசிந்தா வெளியே வந்துவிட்டார்.