ஏறாத வண்டி

"இது எப்பேர்ப்பட்ட காட்டுப் பாதையிலயும் போகும் சார். சக்கரம் பெருசு, அடிப்பக்கம் நல்ல உயரம். கார் பின்னாடி மாட்டினா மலையே ஏறிடும்," என்றார், காட்டில் தங்கப் போகிறவர்கள் காரில் இழுத்துச் செல்லும் கேம்பிங் ட்ரெய்லர் கடையின் விற்பனையாளர்.

"அப்ப இது வேண்டாம்," என்றார் பெரியவர்.

விற்பனையாளர் விழித்தார். அடுத்ததைக் காட்டினார். "இது எந்தச் சேத்துலயும் சிக்காது."

"இதுவும் சரிப்படாது," என்றார் பெரியவரின் மனைவி. "சிக்கற மாதிரி ஒண்ணு காட்டுங்க."

விற்பனையாளருக்குத் தலை சுற்றியது. இருபது வருட வியாபாரத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மூலையில் விலை போகாமல் நின்றதைத் தயங்கித் தயங்கிக் காட்டினார்.

"இது தார் ரோட்டுக்கு மட்டும்தாம்மா. அடி தாழ்வு, எடை ஜாஸ்தி. மண் சரிவுல இறங்கிடும். மழை பெய்ஞ்சா திரும்பி ஏறவே ஏறாது."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுக்கே பில் போடுங்க!"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியலை சார். இதை எங்கதான் கொண்டுபோகப் போறீங்க?"

"எங்களுக்கு இல்லப்பா, பையனுக்கு. அவனோட பழைய ட்ரெய்லர் உடைஞ்சுபோச்சு, புதுசு நாங்க வாங்கித் தர்றோம்னு சொல்லிட்டோம். லீவு விட்டா காடு மேடுன்னு கிளம்பிடுவான். போற வழியில எங்க வீட்டுக்கு வந்து, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் பறந்துடுவான்," என்றார் பெரியவர்.

"எங்க வீடு பள்ளத்துல இருக்கு, தம்பி. களிமண் பாதை," என்றார் மனைவி. "ஒரு மழை பெய்ஞ்சா காய நாலு நாள் ஆகும். நாலு நாளும் என் கையால சாப்பிடுவான்ல?"