துண்டு போட்ட பஸ்

மலையடிவாரப் பஸ் நிலையத்தின் தகரக் கூரையில் இப்போதுதான் வெயில் ஏறுகிறது. முதுகுப் பை தோளை அறுக்க, மகள் எல்லை ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தேடிக்கொண்டு நிற்கிறாள். அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் பனிமலை காட்டுகிறேன் என்று கிளம்பி வந்தவள். போட்ட திட்டம் மழையால் ஒருமுறை, மண்சரிவால் ஒருமுறை, அம்மாவின் "எறங்கித்தான் பாப்போமே"யால் பலமுறை மாறியாயிற்று. அவள் திரும்புவதற்குள் அம்மா ஏதோவொரு பச்சை பஸ்ஸின் ஜன்னலுக்கு எம்பி, துண்டை வீசி இடம் பிடித்துவிடுகிறாள்.

"அம்மா, அது நம்ம பஸ் இல்ல!"

"துண்டு போட்டாச்சுல்ல? இனிமே இதான் நம்ம பஸ்."

"எந்த ஊருக்குப் போகுதுன்னாவது தெரியுமா?"

"ஏறுனா தானா தெரியும்டி."

மகளுக்குச் சுர்ரென்று வருகிறது. அதற்குள் படியேறிவிட்ட அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிவிடத்தான் பின்னாலேயே ஏறுகிறாள். அம்மா குளிருக்குக் கண்ணாடியை இழுத்து மூடி, அதே துண்டால் பனி ஈரத்தைத் துடைக்கிறாள். இத்தனை வருஷமும் எங்கே போனாலும் ஜன்னலோரம் அப்பாவுக்குத்தான். அம்மாவுக்கு நடு சீட்டும், மடியில் யார் வீட்டுப் பிள்ளையோ ஒன்றும். துடைத்த இடத்தில் பனிமலை வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பஸ் உறுமிக் கிளம்புகிறது.

"எங்கம்மா எறங்கணும்?" என்று இந்தியில் கேட்கிறார் கண்டக்டர்.

மகள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நடு சீட்டில் சாய்ந்து உட்காருகிறாள்.

"இந்த பஸ் எதுவரைக்கும் போகுமோ, அதுவரைக்கும் ரெண்டு குடுங்க."